எண்ணுக்கு இருபுறமும் காற்று

வீட்டில் நல்ல தரத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இறங்கியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் போகிறார்கள். கைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் நேராகக் கேட்பதை விட்டுவிட்டு, எண்களை மின்னலையாக மாற்றித் தரும் தனிப்பெட்டி ஒன்றை முதலில் வாங்குகிறார்கள். ஆடியோ வட்டாரத்தில் அதற்கு டாக் என்று பெயர். அடுத்து அதைவிட உசத்தியான டாக். அதற்குப் பாட்டை எடுத்துக் கொடுக்க ஒரு ஸ்ட்ரீமர். ஸ்ட்ரீமருக்குத் தனி பவர் சப்ளை. பிறகு யுஎஸ்பி கேபிள், பவர் கேபிள், வெளிக்கடிகாரம் என்று வரிசை நீள்கிறது. செலவு ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்கு ஏறுகிறது. பல வருடங்களாக இந்தப் பாதையில் நடப்பவன் நான். இதில் ஈடுபட்டவர்களைப் பணம் படைத்தவர்களின் பைத்தியம் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு குரலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டுவிட மாட்டோமா என்ற தவிப்பு இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. அந்தத் தவிப்பு மதிப்புள்ளது. அது எங்கே செலவானால் இசைக்கு நல்லது என்பதைத்தான் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு பதிவு நம்மை வந்து சேரும் வழியைப் பார்க்கலாம். எங்கோ ஒரு சபாவில், ஒரு மாலையில், பாடகரின் தொண்டையும் தம்புராவின் தந்தியும் மிருதங்கத்தின் தோலும் காற்றை அசைத்தன. மைக் அந்த அசைவை மின்சாரமாக்கியது. மின்சாரம் நாடாவில் காந்தத் தடமாகப் படிந்தது. பல ஆண்டுகள் கழித்து யாரோ அந்த நாடாவை ஓட்டி, தடத்தை எண்களாக மாற்றினார்கள். இன்று என் வீட்டில் அந்த எண்கள் மறுபடி மின்சாரமாகி, ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளி, என் அறையின் காற்றை அசைக்கின்றன. காற்றில் தொடங்கிக் காற்றில் முடிகிற பயணம் இது. எண், நடுவில் வரும் ஒரு தங்கல். அந்த நடுப்பகுதிக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது, தீராமல் கிடப்பவை இரண்டு முனைகளும்தான் என்பது என் கட்சி. நம் பணமும் பேச்சும் கவலையும் மட்டும் இன்னும் நடுவிலேயே குவிந்து கிடக்கின்றன.

தீர்ந்துவிட்டது என்று சும்மா சொல்லவில்லை. 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் தந்திச் செய்திப் பரிமாற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் விதை விழுந்தது. 1949-இல் கிளாட் ஷானன் அதைத் தேற்றமாக நிறுவினார். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண் எதுவோ, அதன் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்துவிட்டால் மூல அலையை அப்படியே திரும்பப் பெறலாம். மனிதக் காது இளமையில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கும். குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். 22,050 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், அதாவது 65,536 நிலைகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் வீச்சு அதில் கிடைக்கிறது. அமைதியான வீட்டின் பின்னணி இரைச்சலே 30 டெசிபல் இருக்கும். பேருந்து போகும் சாலையை ஒட்டிய வீட்டில் அதற்கும் மேல். அதற்கு மேலே 96 டெசிபல் என்றால் காது வலிக்கும் எல்லையைத் தொட்டுவிடும்.

44,100 என்ற எண்ணே ஒரு நாடாவிலிருந்து வந்ததுதான். 1970-களின் இறுதியில் எண்ம ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்க, ஜப்பானிய வீடியோ முறையில் ஒரு புலத்துக்கு 245 கோடுகள், விநாடிக்கு 60 புலங்கள், கோட்டுக்கு 3 மாதிரிகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 புலங்கள், 3 மாதிரிகள். அங்கும் அதே விடை. இரண்டு முறைகளுக்கும் பொருந்திய அந்த எண்ணைச் சோனியும் பிலிப்ஸும் வைத்துக்கொண்டன. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. எண்ம ஒலி படிப்படியாக வெட்டுப்பட்டது, அனலாக் அலைதான் வழுவழுப்பானது என்ற சித்திரம் இத்தனை வருடம் கழித்தும் பலர் மனதில் இருக்கிறது. முறையான வடிகட்டி உள்ள டாக்கின் வெளிவாயில் ஆஸிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் படிகளைக் காண முடியாது. அங்கே வருவதும் வழுவழுப்பான அலைதான்.

இதைவிட உயர்ந்த எண்கள் தேவையா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் காதுகளை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 2007-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயரும் மொரானும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி தட்டின் ஒலியை நேராகவும், அதையே குறுந்தகட்டுத் தரத்து எண்களாக்கி மறுபடி மின்னலையாக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்து, 12,500-க்கும் மேற்பட்ட விடைகளைக் கூட்டிப் பார்த்தார். சரியானவை 52.3 விழுக்காடு. புள்ளியியல் கண்ணுக்கு அது ஒரு வித்தியாசம். பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடியது. வித்தியாசம் இருந்தாலும் அது இவ்வளவு மெலிது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2022-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் மூல நாடாவிலிருந்து வெட்டிய இசைத்தட்டுகளுக்குப் பேர்போனது. எண்ணின் வாடையே படாத தூய அனலாக் என்று நம்பி உலகம் முழுக்க ரசிகர்கள் பெரும் விலை கொடுத்து அவற்றை வாங்கினார்கள். அந்த வருடம் ஜூலையில் உண்மை வெளியே வந்தது. பல வருடங்களாகவே அவர்கள் நாடாவை முதலில் டிஎஸ்டி என்ற உயர்தர எண்வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் தட்டை வெட்டியிருக்கிறார்கள். வாங்கியவர்களின் கோபம் நியாயமானது; அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஓர் எண் புகுந்துபோனதை அந்தத் துறையின் மிகத் தேர்ந்த காதுகளும் அத்தனை வருடம் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் புகழ்ந்த ஒலி எங்கிருந்து வந்தது? மூல நாடா இருக்கும் இடத்துக்கே பொறியாளர்கள் போய், நல்ல கருவியில், கவனமாக ஓட்டி எடுத்ததிலிருந்து வந்தது. தரம் முழுக்க அந்த முனையில் இருந்தது.

வீட்டிலும் இதைச் சோதிக்கலாம்; நான் சோதித்திருக்கிறேன். இரண்டு கருவிகளில் கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் நம் காதுக்குச் சிறந்ததாகப் படும் என்பதால், முதலில் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 0.1 டெசிபலுக்குள் ஒத்துப்போவது நல்லது. விலை உயர்ந்த டாக் ஒன்று, அதில் சிறு பங்கு விலையில் ஒழுங்காகச் செய்யப்பட்ட இன்னொன்று. என் மகள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே, "அப்பா, இப்ப ஓடறது ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். நண்பர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே வாரத்தில் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்ன பண்ணீங்க? மிருதங்கம் இப்பத்தான் மிருதங்கமாக் கேக்குது" என்றாள். அவளிடம் யாரும் சோதனை என்று சொல்லியிருக்கவில்லை.

காற்று ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் வாலஸ் கிளமென்ட் சாபைன். ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேச்சு எதுவும் புரியவில்லை. பேசி நிறுத்தினாலும் ஒலி ஐந்து விநாடிகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. 1895-இல் இளம் இயற்பியல் ஆசிரியரான அவரிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகளைக் கூட்டினார், குறைத்தார், விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிமையானது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு 0.161-ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இந்த அறிவைக் கொண்டு கட்டப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் என்ன வருகிறது? 15 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் என்று ஓர் அறையை வைத்துக்கொள்வோம். டைல்ஸ் தரை, சுண்ணாம்பும் சிமென்ட்டும் பூசிய சுவர், கான்கிரீட் கூரை. கன அளவு சுமார் 51 கன மீட்டர். இந்தப் பரப்புகள் ஒலியை உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். அறை வெறுமையாக இருந்தால் ஒலி அடங்க ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். நிதானமான கீர்த்தனையில்கூட ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. குளிருக்காகத் தரை முழுக்கக் கம்பளம் விரிக்கும் நாடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இருக்காது. நமக்கோ வெயிலுக்கு இதமான வெறுந்தரை வேண்டும். கோரைப்பாய் போட்டால் உட்கார வசதி. ஒலிக்கு அதனால் பெரிய பயனில்லை. புத்தக அலமாரி, கனத்த திரைச்சீலை, இலவம்பஞ்சு மெத்தை போட்ட திவான் இவை உதவும். நான்கு அங்குல ராக்வுல் பலகைகளைக் காடாத் துணியால் மூடிச் சட்டமடித்துச் சுவரில் மாட்டினால் இன்னும் நன்றாக உதவும். என் அறையின் பலகைகளை அடித்துக் கொடுத்தவர் எங்கள் தெருத் தச்சர்தான். ஆசைப்பட்டு வாங்கும் ஒரு கேபிளின் விலையில் அறை முழுக்க முடிந்துவிட்டது.

தாழ்ந்த சுரங்களின் கதை வேறு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது சில அதிர்வெண்கள் அறைக்குள் தேங்கிவிடும். 15 அடி நீளத்துக்கு 37 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அப்படித் தேங்கும். அறையின் ஒரு மூலையில் நின்றால் மிருதங்கத் தொப்பியின் கும்கி வயிற்றில் இடிக்கும். நான்கடி நகர்ந்தால் காணாமல் போய்விடும். ஆளுக்கு ஆள் ஒரே கருவியைப் பற்றி நேர்மாறான அபிப்பிராயம் சொல்வதற்கு அவரவர் உட்கார்ந்த இடமே பாதிக் காரணம். ஸ்பீக்கர்களையும் நாற்காலியையும் ஓர் அடி, அரை அடி என்று நகர்த்தி, சிறிய அளவுமைக் ஒன்றை வைத்துப் பார்த்து, அதன் பிறகும் நிற்கும் ஒன்றிரண்டு முகடுகளைக் கணினியில் சீர்செய்தால் போதும். நல்ல டாக்கில் திரிபு லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும். ஸ்பீக்கரில், தாழ்ந்த சுரங்களில், நூற்றில் ஒரு பங்கு சாதாரணம். அறையோ சில அதிர்வெண்களைப் பத்து மடங்கு ஏற்றியும் இறக்கியும் விடும். எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்த மூன்று அளவுகளே சொல்லிவிடும்.

இப்படி அறையைச் சீராக்கியபின் நான் முதலில் கேட்பது தம்புராவை. ஒரு கருவி நன்றாக ஒலிக்கிறதா என்று பார்க்க இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் ஆய்வு செய்த சி.வி. ராமன், 1921-இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கான காரணம் இருக்கிறது. ஒரு தந்தியை அதன் ஒரு கணுவில் மீட்டினால் அந்தக் கணுவுக்குரிய மேல்சுரம் எழாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழிவந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அது எழுவதை ராமன் கேட்டார். அகன்று வளைந்த குதிரையும், தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூலும் அதற்குக் காரணம் என்று காட்டினார். தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழும்போது ஒவ்வொரு அதிர்விலும் மேல்சுரங்களுக்கு மறுபடி ஊட்டம் கிடைக்கிறது. மீட்டிய கணத்தில் ஒரு நிறம், அரை விநாடி கழித்து வேறு நிறம், அடங்கும்போது இன்னொன்று. பஞ்சமமும் சாரணியும் அனுசாரணியும் மந்தரமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, எந்தத் தந்தியிலும் கட்டாத காந்தாரம் உள்ளேயிருந்து கேட்கத் தொடங்குகிறது.

சுமாரான கருவியில், எதிரொலிக்கும் அறையில், இந்தத் தம்புரா பாட்டின் பின்னால் ஒரு மொத்தையான இரைச்சலாகத்தான் கேட்கும். சீரான அறையில் நான்கு தந்திகளும் தனித்தனியாகப் பிரிகின்றன. மீட்டுகிறவரின் விரல் சாரணியில் கொஞ்சம் அழுத்துவதுகூடத் தெரியும். பாடகர் ஒரு நிரவலில் மேல் ஸட்ஜத்தைத் தொடும்போது குரலின் மேல்சுரங்கள் தம்புராவின் மேல்சுரங்களோடு போய் ஒட்டுவதைக் கேட்கலாம். பாடகர் எதைக் கேட்டுக்கொண்டு பாடினாரோ அதை நாமும் கேட்கிறோம். சுருதி சேர்ந்தது என்று வாயால் சொல்வதற்கும் அந்த இடத்தில் அதை உடம்பால் உணர்வதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை வீட்டுக்குள்ளேயே கடக்க முடிகிறது. மேம்பாடு என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்த அனுபவம்தான் பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்துக்கு வந்தவர்களுக்கு உடனே வேறொன்றும் தெரியவரும். அறை தெளிந்தபின் பதிவின் குறைகளும் தெளிவாகக் கேட்கின்றன. பழைய கச்சேரிகளைக் குறுந்தகடாக வெளியிட்டபோது நாடாவின் சீறலை நீக்க மென்பொருளைப் போட்டு வடித்தார்கள். சில தட்டுகளில் சீறலோடு தம்புராவும் போய்விட்டது. ஒன்றரைக் கட்டையில் பாடிய வித்வான், பிரதிக்குப் பிரதி எடுத்த நாடாவில் இரண்டரைக் கட்டையில் பாடுகிறார். வேகம் கூடிய நாடாவில் கார்வை சுருங்கி, காலப்பிரமாணம் மாறி, குரலின் வயதே குறைந்துவிடுகிறது. எவ்வளவு பணம் போட்டாலும் என் வீட்டுப் பெட்டிகளால் இதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இழப்பு நடந்தது மறுமுனையில்.

கேசட்டுகளை எண்ணாக்கித் தரும் முதியவர் ஒருவரின் பட்டறையில் அந்த மறுமுனையைக் கிட்டத்தில் பார்த்தேன். எங்கள் உறவினர் வீட்டிலிருந்த ஒரு கச்சேரிக் கேசட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை டெக்கில் போட்டு, இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி, ஹெட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னத் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. திருகு இம்மி அளவு நகர்ந்தது. மங்கல் இன்னும் கூடியது. மறுபக்கம் திருப்பினார். "தம்புராவையே கேளுங்க சார், குரலைக் கேக்காதீங்க. அது தொறக்கற இடத்துல நிறுத்திடணும்" என்றார். அப்படியே ஒரு புள்ளியில் தம்புரா திறந்தது. பின்னாலேயே வயலினின் வில் உராயும் சத்தமும் வந்தது. கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அதில் ஐந்து மைக்ரான் நீளம்கூட இல்லை. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதிந்த டெக்கின் ஹெட்டும் ஓட்டும் டெக்கின் ஹெட்டும் இம்மி சாய்ந்தாலும் மேல்சுரங்கள் அத்தனையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தத் திருகைத் தொடாமல் எண்ணாக்கப்பட்ட கேசட்டுகள் எத்தனை இருக்கும் என்று அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். நடுவில் எத்தனை பிட் வைத்தாலும், அந்தக் கேசட்டில் கேட்கும் தம்புராவைத் தீர்மானித்தது அந்த ஒரு திருகுதான்.

நாடாக்கள் நம் ஊரில் நெடுநாள் தாங்காது. காந்தத் துகளை நாடாவோடு ஒட்டவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்து இளகுகிறது. குறிப்பாக 1970-களிலும் 80-களிலும் வந்த சில வகை ஸ்பூல் நாடாக்கள் ஓடும்போதே பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக் கீச்சிடும். அவற்றை 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் ஈரம் போய்ச் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். இன்னும் பழைய அசிட்டேட் நாடாக்களில் புளித்த காடி வாசனை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களில், மழைக்காலம் தாண்டிய அலமாரிகளில், பூசணம் தனி. நாடா தப்பினாலும் ஓட்டும் டெக் தப்ப வேண்டும். பெல்ட் உருகிப் போகிறது, ஹெட் தேய்கிறது, உதிரி பாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. 2019-இல் யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசாவும் சேர்ந்து காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. ஓட்டும் கருவிகள் அருகிப்போவதால் 2025-ஐ ஒட்டியே காலக்கெடு முடிந்துவிடும் என்பது அதன் சாரம். அந்தக் கெடு இப்போது வந்தே விட்டது. பெரிய நிறுவனங்களின் கையிலிருந்தால் பத்திரம் என்றும் நினைக்க முடியாது. 2008 ஜூனில் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் எரிந்த கட்டடத்தில் இசை மூல நாடாக்களும் இருந்தன என்பது 2019-இல்தான் உலகத்துக்கு விரிவாகத் தெரியவந்தது.

அதே சமயம், இந்த முனையில் செய்யக்கூடிய மேம்பாடு எவ்வளவு பெரியது என்பதற்கும் சான்று உண்டு. 1949-இல் உடி கத்ரி என்ற அமெரிக்க நாட்டுப்பாடகர் பாடியதை ஒருவர் எஃகுக் கம்பிப் பதிவியில் எடுத்து வைத்திருந்தார். கம்பி நீண்டும் முறுக்கியும் போய், வேகம் முன்னும் பின்னும் அலைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த அலைச்சலைக் கணிதத்தால் அளந்து சீர்செய்து வெளியிட்டார்கள். 2008-இல் அது சிறந்த வரலாற்று இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. நம் கச்சேரி நாடாக்களிலும் இப்படிப் பிடிமானங்கள் உண்டு. பழைய பதிவுகளில் அடியில் உறுமும் மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸை ஒட்டியது. அந்நாளில் நம் மின்சாரம் அதிலிருந்து விலகி ஓடும் என்றாலும், நாடா ஒரு கட்டை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்ல அது போதும். நடுவில் எங்கே வேகம் நழுவியது என்றும் காட்டும். அதை முதல் வேலையாக வடித்து எறிந்துவிட்டால் நாடாவின் வேகத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். அதனால்தான் காப்பகக்காரர்கள் நாடாவிலிருந்து வந்ததைச் சீறலோடும் உறுமலோடும் அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டு, சீர்திருத்தத்தை வேறு பிரதியில் செய்கிறார்கள். ஐயாசாவின் வழிகாட்டி அந்த முதல் பிரதியை 24 பிட்டில், விநாடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளில் எடுக்கச் சொல்கிறது; அதற்கு மேல் போவதும் பயன் தரலாம் என்கிறது. நாளை யாரோ ஒருவர் இன்னும் நல்ல கணிதத்தோடு வந்து வேலை செய்ய அதில் இடம் வேண்டும். உயர்ந்த எண்களுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இது. என் நாற்காலியில் அவை செய்யும் வேலை மிகக் குறைவு.

பணம் சரியான முனைக்குப் போன உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை மியூசிக் அகாதமியில் தனியார் கொடையில் அமைந்த எண்மக் காப்பகத்தில் ரசிகர்கள் போய் உட்கார்ந்து பழைய கச்சேரிகளைக் கேட்க முடிகிறது. அந்தக் காலத்து ரசிகர்கள் சபாக்களில் சொந்தச் செலவில் எடுத்து, வீட்டில் காப்பாற்றி வைத்த ஸ்பூல்களும் கேசட்டுகளும் இன்னும் எத்தனையோ அலமாரிகளில் இருக்கின்றன. அவர்களில் பலர் இன்று இல்லை. வீட்டை விற்கும்போதும் இடிக்கும்போதும் முதலில் வெளியே போவது இவைதான்.

ஆகவே மேம்பாட்டில் இறங்குகிற நண்பர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரண விலை டாக் ஒன்றோடு நடுப்பகுதியை முடித்துவிடுங்கள். அறைக்கு ஒரு தச்சரையும் ஸ்பீக்கருக்கு நல்ல பணத்தையும் ஒதுக்குங்கள். மிச்சத்தை மறுமுனைக்கு அனுப்புங்கள். உங்கள் உறவிலும் தெருவிலும் நாடா வைத்திருக்கும் வீடுகளை விசாரியுங்கள். உறையில் எழுதியிருக்கும் தேதியையும் ஊரையும் பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் அங்கேயே படமெடுத்து வையுங்கள். ஹெட்டைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எண்ணாக்கச் செலவழியுங்கள். மென்பொருளால் தொடாத முதல் பிரதி ஒன்றைக் காப்பகத்துக்குக் கொடுங்கள். இப்படி வந்த ஒரு பதிவை, சீரான அறையில், விளக்கைக்கூட அணைக்காமல் சாதாரணமாக உட்கார்ந்து கேட்டாலும் எந்தக் கேபிளும் தராத கிட்டம் கிடைக்கும். இன்றைக்கு வாங்கத் தவறிய டாக் அடுத்த வருடம் இன்னும் மலிவாக, இன்னும் நன்றாகக் கிடைக்கும். இன்றைக்கு எடுக்கத் தவறிய நாடா அடுத்த வருடம் ஓடுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க இந்த ஒரு வேற்றுமையே போதும்.